குறுக்கு வலி ஆய்வைத் தொடங்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குறுக்கு வலியோடு வருகிறவர்களைச் சேர்த்து, உடற்பயிற்சியின் பயனை அளக்கப்போவதாக நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை முழுவதும் படித்தேன். செவிலியராக இருந்தவள் என்ற முறையில் எனக்கு முதலில் உறுத்துவது, ஆட்களைச் சேர்க்க நீ குறித்திருக்கும் காலம்.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் பிசானப் பருவ நெல் நடவு நடக்கும் அந்த ஐப்பசி, கார்த்திகையில்தான் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதுவும் வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் வருவார்கள். நடவு முடிந்தால் குனிகிற வேலை குறையும். புதிதாக வந்த வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடுவதும் உண்டு. ஆகவே தை மாதத்தில் அளந்தால், பயிற்சி பெற்றவளும் தைலம் மட்டும் வாங்கிப்போனவளும் ஒன்றுபோலத் தேறியிருப்பார்கள், உன் பயிற்சியால் விளைந்த சிறு வேறுபாடு அதில் கரைந்துபோகும். போதாததற்கு இரண்டு குழுவினரும் ஒரே வரப்பில் நிற்பவர்கள். ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை மறுவாரம் மற்றவளும் செய்வாள். ஆளுக்கு ஆள் குலுக்கிப் பிரிப்பதைவிட நிலையம் நிலையமாகப் பிரிப்பது நல்லது. அதற்கு ஆள் கூடுதலாக வேண்டும் என்பதை உன் வழிகாட்டியிடம் இப்போதே சொல்லிவிடு.

ஸ்கேன் எடுத்துக் காரணத்தைப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. வலியே இல்லாதவர்களை ஆராய்ந்த கட்டுரைகளைத் தொகுத்து 2015இல் வெளியான மதிப்பீட்டின்படி, 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டில் தேய்மானம் தெரிந்தது.

குறுக்கு வலியால் அன்றாட வேலை எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கும் ரோலண்ட்-மோரிஸ் கேள்வித்தாளின் 24 வரிகளில் கைப்பிடியைப் பிடித்து மாடி ஏறுவதும் சாய்வு நாற்காலியிலிருந்து எழுவதும் வருகின்றன. ஓட்டு வீட்டுக்காரி இதற்கு என்ன சொல்வாள்? அவற்றை மாற்றினால் பிற நாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது என்பதால், அப்படியே வைத்துக்கொண்டு, தரையிலிருந்து எழுவதையும் குடம் தூக்குவதையும் தனியாகக் கேள்.

முக்கூடல் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு மடியில் முறத்தோடு ஆண்டு முழுவதும் ஒரே இருப்புதான். அவர்கள் வலிக்குப் பருவம் கிடையாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள் உன் மறுபரிசோதனைக்காக ஒரு காலைப்பொழுதை விட மாட்டார்கள். தேறியவள் வர மாட்டாள், தேறாதவள் ஊசி போட வேறெங்காவது போயிருப்பாள்; வந்து நிற்பவள் உன் முகத்துக்காக "பரவாயில்லை" என்பாள். வந்தவர்களை மட்டும் எண்ணி முடிவு சொன்னால் அது பொய்க் கணக்கு. எனவே எவர் எந்தக் குழு என்று அறியாத ஒருவர் எல்லோரையும் தேடிப்போய்க் கேட்க வேண்டும். இலையும் தூளும் வாங்கப் பீடிக் கடைக்கு வரும் நேரத்தில் பிடிப்பது எளிதுதான், ஆனால் கடைக்காரர் எதிரில் வலியைச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கே ஆளை அனுப்பு, அந்தச் செலவையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா