கையாடியவரின் முகம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மோசடி செய்பவர்களின் குணங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேராசை, பேச்சு சாமர்த்தியம், திருட்டு முழி என்று அதில் சொன்ன அடையாளங்களை என்னால் ஏற்க முடியவில்லை. பல வருடங்கள் கணக்குத் தணிக்கையில் இருந்தவன் நான். அலுவலகப் பணத்தைக் கையாடியவர்களாக நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் நெடுநாள் ஊழியர்கள். அதற்கு முன் ஒரு வழக்கும் கிடையாது. விஷயம் வெளிவந்ததும் "அவரா? இருக்கவே இருக்காது" என்பார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, சிறையில் இருந்த கையாடல்காரர்களிடம் பேசி, 1953-இல் தன் ஆய்வை வெளியிட்டார். வெளியே சொல்ல முடியாத பணக்கஷ்டம், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, அப்புறம் "கடனாகத்தானே எடுக்கிறேன்" என்ற சமாதானம். அவர் கண்டது இதைத்தான்.

அந்தச் சமாதானத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு காசாளர், எடுத்த ஒவ்வொரு தொகையையும் தேதியோடு ஒரு டைரியில் குறித்து வைத்திருந்தார். திருப்பிக் கட்டத்தான். முதலில் இரண்டு முறை கட்டியும் இருக்கிறார். பாதி டைரிக்கு மேல் குறிப்பே இல்லை. பணம் மட்டும் தொடர்ந்து போயிருந்தது.

முதல் நாளிலிருந்தே திட்டம் போட்டு ஏமாற்றுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் யார் மேல் விழுகிறது? பணம் குறைந்தால் முதலில் கடைநிலை ஊழியரின் பையைத்தான் சோதிக்கிறார்கள். கணக்கைத் திருத்தும் அதிகாரம் அவரிடம் இருந்ததே இல்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும்.

அமெரிக்காவின் டிக்சன் என்ற சிறு நகரத்தில் நிதிப் பொறுப்பில் இருந்த ரீட்டா கிரண்ட்வெல், சுமார் 20 வருடங்களில் 5 கோடி டாலருக்கு மேல் எடுத்திருந்தார். ஊரே அவரை நம்பியது. அவர் நீண்ட விடுப்பில் போனபோது, அவர் வேலையைப் பார்த்த இன்னொரு ஊழியர் வங்கி அறிக்கைகளை வாங்கிப் பார்த்தார். யாருக்கும் தெரியாத ஒரு கணக்கு அதில் இருந்தது. 2012-இல் ரீட்டா கைதானார்.

விடுப்பே எடுக்காதவரை நாம் உழைப்பாளி என்று மெச்சுகிறோம். அவர்களில் பலர் உண்மையிலேயே உழைப்பாளிகள்தான். ஆனாலும் வருடத்தில் இரண்டு வாரமாவது அந்த வேலையை வேறொருவர் பார்க்க வேண்டும். பணத்தை வாங்குபவரே பதிவும் எழுதி, வங்கிக் கணக்கோடு சரிபார்க்கவும் கூடாது. இந்த ஏற்பாடுகளைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்