பள்ளியிலும் வேலையிடத்திலும் நடக்கும் துன்புறுத்தலை வெளியாள் விசாரிக்க ஏற்பாடு கோரும் மனு

அனுப்புநர்:
எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்,
துணிக்கடை ஊழியர்,
பெரம்பூர், சென்னை – 600 011.
(பிள்ளையின் நலன் கருதி என் பெயர், முகவரி, பள்ளி, கடை விவரங்களைத் தனியாக மூடிய உறையில் இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சிங்காரவேலர் மாளிகை, இராஜாஜி சாலை,
சென்னை – 600 001.

பொருள்: சக மாணவர்களின் கேலி, மிரட்டல் மற்றும் வேலையிட அவமதிப்பு – புகார்களைப் பள்ளிக்கும் நிறுவனத்துக்கும் வெளியே பதிவு செய்து விசாரிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஒரு பிள்ளை தன்னைச் சக மாணவர்கள் கொடுமைப்படுத்துவதாகச் சொன்னால், அந்தப் புகாரை வாங்குவதும் விசாரிப்பதும் முடித்துவைப்பதும் அந்தப் பள்ளியேதான். கடையில் வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான். இதனால் புகார் சொன்னவர்களுக்குத்தான் கஷ்டம் கூடுகிறது. இதை மாற்றத் தங்களால் முடியும் என்று நம்பி எழுதுகிறேன்.

என் மகன் பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் சில மாதங்களாகக் குறையாமல் திரும்பி வந்தது. அடிக்கடி அடிவயிறு வலிக்கிறது என்றான், ஜுரமும் வந்தது. சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். "ஸ்கூல்ல பாத்ரூம் போறியாப்பா?" என்று அவர் கேட்டதும்தான் பிள்ளை அழ ஆரம்பித்தான். இடைவேளையில் நாலைந்து பையன்கள் கழிப்பறைக்குள் அவனை மடக்கி, வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டு, பட்டப்பெயர் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். செல்போனில் படம் எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி வகுப்பு குரூப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். கழிப்பறைக்கே போகக் கூடாது என்பதற்காகக் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறான் என் பிள்ளை.

பள்ளிக்குப் போய்ச் சொன்னேன். "பசங்கன்னா அப்படி இப்படித்தாம்மா இருப்பாங்க" என்றார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகு, எல்லா மாணவர்களுக்கும் முன்னால் அந்தப் பையன்களை நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கச் செய்தார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது என்று அவர்கள் நினைத்தார்கள். மறுநாளிலிருந்து 'போட்டுக்கொடுத்தவன்' என்று சொல்லி யாருமே அவன் பக்கத்தில் உட்காரவில்லை. கடைசியில் நடு வருஷத்தில் டி.சி. வாங்கினோம். பள்ளியை விட்டு விலகும் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் வேண்டுகோள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு வார்த்தைகளை நான் ஏற்கெனவே வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்யும் கடையில் தென் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். கடை விடுதியிலேயே தங்கல். அவள் ஊர்ப் பேச்சை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே பேசிக் காட்டிச் சிரிப்பார் எங்கள் ஃப்ளோர் சூப்பர்வைசர். விற்பனை குறைந்தால் எல்லோர் முன்னிலையிலும் நிற்கவைத்துத் திட்டுவார். யாரிடம் போய்ச் சொல்வாள்? வார விடுமுறை கொடுப்பதும் அவர், விடுதியில் ஊருக்குப் போக அனுமதி தருவதும் அவர். அவளுக்குக் கை நடுக்கம் வந்து, மடித்த புடவையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. பதிவேட்டில் 'சொந்த விருப்பத்தில் விலகினார்' என்று இருக்கிறது. ஆக, அரசாங்கம் எந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தாலும் என் மகனுக்கும் எதுவும் நடக்கவில்லை, அவளுக்கும் எதுவும் நடக்கவில்லை.

சட்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, ராகிங்குக்கு எதிராக 1997-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது நம் மாநிலம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மாணவரை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் ஒரு மாணவன் இன்னொரு மாணவனைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நோகடிப்பதை யார் கேட்பது என்று வரும்போது, திரும்பவும் பள்ளி நிர்வாகத்தின் முன்னால்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறை உதவிக்கு 14417 என்ற போன் எண்கள் உள்ளன. பட்டப்பெயருக்கும் ஸ்டிக்கருக்கும் போன் செய்யலாம் என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை.

வேலையிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழுவும் மாவட்டத்தில் உள்ளூர்க் குழுவும் அமைக்கச் சொல்கிறது. பாலியல் சம்பந்தம் இல்லாத அவமதிப்புக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எங்களைப் போன்றவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆணையிட்டது இதே தமிழ்நாடுதான். நாள் முழுக்க நின்ற எங்கள் கால் வலியைப் புரிந்துகொண்ட அரசு, இதையும் புரிந்துகொள்ளும்.

சொன்னால் ஆபத்து என்பது வெறும் பயம் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதியை வைத்துச் சக மாணவர்கள் செய்த தொந்தரவைப் பள்ளியில் சொன்ன பிறகுதான் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாணவர்களின் மனநலத்தைக் காக்க, 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றும், மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றும் வழிகாட்டியது. தங்களிடமே வந்து கேட்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கண்காணிப்புக் குழுவின் வழியாக, சென்னையில் உள்ள மாநகராட்சி, அரசு உதவி பெறும், மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆலோசகர் இருக்கிறாரா என்று முதன்மைக் கல்வி அலுவலரைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டுகிறேன். பெயருக்கு ஓர் ஆசிரியரையே ஆலோசகர் என்று காட்டும் பள்ளிகளை ஏற்கக் கூடாது. மார்க் போடும் ஆசிரியரிடம் எந்தப் பிள்ளையும் மனம் திறக்காது.

பள்ளியில் கொடுக்கும் புகாரின் நகல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் போக வேண்டும், பெற்றோருக்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டும். விசாரணை என்ற பெயரில் இரண்டு தரப்பையும் எதிரெதிரே நிற்கவைப்பதும் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்கவைப்பதும் கூடாது. கேலி செய்த பிள்ளைகளுக்கும் ஆலோசனை வேண்டும். அவர்களும் குழந்தைகள்தான். அவர்களைப் பள்ளியை விட்டு நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

மிக முக்கியமாக ஒன்று. நடு வருஷத்தில் யார் டி.சி. வாங்கினாலும், பள்ளியைச் சேராத ஓர் அலுவலர் அந்தக் குடும்பத்துக்கு போன் செய்து "ஏன் விலகுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டமோ பெரிய செலவோ தேவைப்படாது. அந்த ஒரு போன் எங்களுக்கு வந்திருந்தால், அதே பள்ளியில் இன்று வேறொரு பிள்ளை மாட்டியிருக்குமோ என்று நான் பயப்பட வேண்டியிருக்காது.

அப்புறம், கடைகளை ஆய்வு செய்ய வரும் தொழிலாளர் துறை அதிகாரிகள், விலகிப்போன ஊழியர்களில் சிலரிடமாவது நேரடியாகப் பேச அறிவுறுத்த வேண்டும். கடை விடுதிப் பெண்களிடம் சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் பேச வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இப்படிப்பட்ட புகார்களுக்கென ஒரு தனி மேசை போட்டு, பெயரை வெளியிடாமல் வாங்கிக்கொள்ள உத்தரவிட்டால் என்னைப் போல் பலர் வருவார்கள்.

மகனின் மருத்துவச் சீட்டு நகல், டி.சி. நகல், அந்த வாட்ஸ்அப் குரூப் படங்கள் ஆகியவற்றை உறையில் வைத்துள்ளேன். அவற்றில் உள்ள மற்ற மாணவர்களின் முகங்களையும் பெயர்களையும் மறைத்திருக்கிறேன். தாங்கள் அழைக்கும் நாளில் நேரில் வந்து வாக்குமூலம் தரத் தயாராக இருக்கிறேன். கடையில் விடுப்புக் கிடைக்க இரண்டு நாள் முன்னதாகத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மாணவனின் தாய்

இடம்: சென்னை