வெள்ள மீட்புப் படகுகளுக்கும் ஏர்போட்டுகளுக்கும் அடிப்பாகம் அலுமினியமா, ஃபைபரா என்பதை வரையறுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காசிமேடு, எண்ணூர், பழவேற்காடு பகுதிகளில் படகு கட்டும் மற்றும் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்

பெறுநர்:
உயர்திரு மாநில நிவாரண ஆணையர் அவர்கள்,
வருவாய் நிர்வாகம் மற்றும் பேரிடர் மேலாண்மை ஆணையரகம்,
எழிலகம், சேப்பாக்கம், சென்னை 600 005

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: வெள்ள மீட்புக்கென இனி வாங்கப்படும் தட்டையடிப் படகுகள், ஏர்போட்டுகள் (பின்னால் உள்ள பெரிய காற்றாடியின் விசையில் ஓடும் படகுகள்) ஆகியவற்றின் அடிப்பாகத்தை அலுமினியத்தில் அமைக்கவும், ஃபைபர் படகுகளை அவற்றுக்கேற்ற இடங்களுக்கு ஒதுக்கவும், ஒப்பந்தப்புள்ளியில் உலோக வகை, தடிப்பு, மிதவை அளவு ஆகியவற்றைத் தெளிவாக எழுதவும் வேண்டுதல் தொடர்பாக.

வணக்கம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் தென்பகுதி மூழ்கியபோதும், மீனவர்களின் ஃபைபர் படகுகள் லாரியில் வந்து வேளச்சேரி, முடிச்சூர் தெருக்களில் இறங்கின. அந்தப் படகுகள் இல்லாமல் அந்த நாட்களைக் கடந்திருக்க முடியாது. ஆனால் அவை அலையை ஏறிக் கடக்கவும் மணலில் இழுத்து ஏற்றவும் கட்டப்பட்டவை. வெள்ளம் வந்த தெருவில் படகின் அடியில் உரசுவது மணல் அல்ல. சிமென்ட் சாலை, வேகத்தடை, நடைபாதைக் கல், மூழ்கிய காரின் கூரை, கேட்டின் ஈட்டி முனை ஆகியவைதான். எது அடியில் உரசும் என்பதை வைத்தே படகின் உடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

எடை பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் அலுமினியம் என்றாலே லேசு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 4 மி.மீ. அலுமினியத் தகடு சதுர மீட்டருக்கு 10.6 கிலோ. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஐந்து அடுக்கும் 600 கிராம் நெய்த ரோவிங் (கண்ணாடி இழைத் துணி) மூன்று அடுக்கும் வைத்து, ரெசின் கொண்டு கையால் பூசிய ஃபைபர் சுமார் 7 மி.மீ. வரும், அதுவும் சதுர மீட்டருக்கு 11 கிலோவை ஒட்டி நிற்கும். ஆகவே ஒரே அளவு உறுதியாகக் கட்டினால் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் அடிபட்ட பிறகு என்ன ஆகிறது என்பதில்தான்.

கூரான கல்லில் மோதினால் 4 மி.மீ. அலுமினியம் நசுங்கும், குழிவிழும், பெரும்பாலும் கிழியாது. குழிவிழுந்த படகு அன்று முழுவதும் ஓடும். ஃபைபர் வளைந்து கொடுத்து மீண்டும் நிமிரும். வெளியே ஒரு மயிரிழைக் கீறல் மட்டும் தெரியும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் ‘டங்’கென்று ஒலிக்கும், பிரிந்த இடம் ‘சத்’தென்று அடங்கும். சாலையில் உரசும் ஏராவில் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகில்) முதலில் ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சு போகும். பிறகு கண்ணாடி இழை தேங்காய் நார்போலப் பிரிந்து தொங்கும். அந்த நார் வழியே தண்ணீர் உள்ளே ஊறும். படகின் எடை கூடும். ஊறிய இடம் மேலும் பிரியும்.

இதைச் சரிசெய்வதிலும் சிக்கல் இருக்கிறது. 7 மி.மீ. தடிப்புள்ள ஃபைபரில் ஓட்டை விழுந்தால், சுற்றிலும் தடிப்பைப் போல் 12 மடங்கு, அதாவது எட்டரை செ.மீ. அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அசிட்டோனில் துடைத்து, முற்றாகக் காயவைத்து, கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) கலந்து அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஊறிய ஃபைபர் ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவே காயாது. ஈரத்தின் மேல் போட்ட ஒட்டு மறுநாளே பிளாஸ்திரிபோலக் கழன்று வரும். அலுமினியத்தில் விரிசல் விட்டால் முகாமிலேயே வழி உண்டு. விரிசலின் இரு நுனியிலும் 4 மி.மீ. துளை போட்டால் அது மேலும் ஓடாது; மேலே 2 மி.மீ. தகட்டை பாலியூரித்தேன் சீலன்ட் தடவி, மூடிய முனை ரிவெட்டுகளால் 25 மி.மீ. இடைவெளியில் அடித்தால் அரைமணி நேரத்தில் படகு மறுபடியும் தண்ணீரில் இறங்கும். மழை நின்ற பிறகு முறையாக வெல்டிங் செய்துகொள்ளலாம்.

இதற்காக அலுமினியம் குறையற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. அதன் பெரிய ஆபத்து மின்சாரம். சென்னைத் தெருக்களில் மின்வாரியத்தின் பகிர்வுப் பெட்டிகள் நடைபாதை ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் நிற்கின்றன. தண்ணீர் ஏறினால் அவை மறைந்துவிடும். உலோகப் படகு அவற்றில் உரசினால் படகில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து. ஆகவே அந்தப் பகுதிக்கான மின்னூட்டம் நிறுத்தப்பட்டது என்று மின்வாரியப் பொறியாளரிடமிருந்து உறுதி வந்த பிறகே அலுமினியப் படகு தெருவுக்குள் இறங்க வேண்டும். இதை எழுத்து மூலமான நடைமுறையாக்கிப் படகுடனேயே ஒட்டிவைக்க வேண்டும். உறுதி வராத இடத்தில் அவசரம் என்றால் ஃபைபர் படகுதான் போக வேண்டும். அதிலும் யாரும் தண்ணீரில் கை கால் வைக்கக் கூடாது.

இரண்டாவது குறை வெல்டிங். வெல்டிங் ஓரத்தில் தகட்டின் வலிமை கணிசமாகக் குறையும், விரிசல் அங்கேதான் தொடங்கும். குறிப்பாக வங்குகள் (படகின் உள்ளே குறுக்கே ஓடும் விலாச் சட்டங்கள்) அடித்தகட்டில் சட்டென்று முடியும் இடத்தைக் கவனிக்க வேண்டும். வங்கின் முனையைச் சரிவாகக் குறைத்து முடித்தால் இது பெரிதும் தவிர்க்கப்படும். மூன்றாவது அரிப்பு. ஃபைபர் படகுக்கு அடிக்கும் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்டை அலுமினியத்தில் அடித்தால் தகடு பொத்தல் பொத்தலாக அரிக்கும். எவர்சில்வர் போல்ட்டுகளுக்கு நைலான் வாஷர் கட்டாயம். ஈரமான சிமென்ட் தரையில் நேரடியாகப் படகை வைத்தால் சில மாதங்களிலேயே வெள்ளைப் பொடி பூத்துக் குழிவிழும். மரக்கட்டை அல்லது ரப்பர் மேல், வடிகால் அடைப்பைக் கழற்றி, கவிழ்த்து வைக்க வேண்டும். நனைந்த தார்ப்பாயால் இறுக்கி மூடக் கூடாது.

ஏர்போட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புநிலங்களில் அன்றாடம் ஓடும் இவ்வகைப் படகுகள் 2005இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் மீட்பிலும் பயன்பட்டன. தண்ணீருக்கடியில் புரொப்பெல்லர் இல்லாததால் ஆகாயத்தாமரையும் சேறும் அதைச் சிக்கவைக்காது. பள்ளிக்கரணைச் சதுப்பு, செம்பரம்பாக்கம் ஏரியோரம், பழவேற்காடு ஏரியின் சேற்றுத் திட்டுகள், தாமிரபரணி பாய்ந்து மூழ்கும் வயல்வெளி ஆகியவற்றுக்கு இது பொருத்தம். ஆனால் பிரேக் கிடையாது, பின்னோக்கி ஓடாது, காற்று வீச்சு பின்னால் இருப்பவரைத் தள்ளிவிடும். கேபிள் வயர் தொங்கும் குறுகிய தெருக்களுக்கு இதை வாங்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஏர்போட்டில் எஞ்சின் முழுவதும் பின்பக்கத்தில் உயரமான குழாய்ச் சட்டத்தில் நிற்கிறது. தள்ளுவிசை மேலே பிறக்க, அடிப்பாகம் கீழே தரையைக் கவ்வுகிறது. இந்த இழுபறி முழுவதும் சட்டத்தின் கால்களில் இறங்கும். ஃபைபர் உடலில் அந்தப் போல்ட் துளைகளைச் சுற்றி நட்சத்திரம்போல விரிசல் விடும். சட்டத்தின் கால்களை ஃபைபரில் நேரடியாக முடுக்காமல், நீளவாக்கில் ஓடும் சட்டங்களில் பாரத்தைப் பகிர்ந்தால் ஓரளவு தாங்கும். அலுமினியத்தில் அச்சட்டங்களை அடித்தகட்டுடனேயே வெல்டிங் செய்து ஒரே உடலாக்கலாம். மறுபுறம், ஈரம் குறைந்த தரையில் ஃபைபர் வழுக்கிக்கொண்டு போகும். வெறும் அலுமினியம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் அலுமினிய ஏர்போட்டுகளின் அடியில் சுமார் 10 மி.மீ. தடிப்புள்ள, வழுக்கும் தன்மை கொண்ட பாலிமர் (பிளாஸ்டிக்) ஷீட் பொருத்துகிறார்கள்.

இந்த ஷீட்டில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். வெயிலில் அது அலுமினியத்தைவிடப் பல மடங்கு நீளும். 4 மீட்டர் நீளத்தில் வெப்பம் 30 டிகிரி ஏறினால் இரண்டுக்கும் இடையே சுமார் ஒன்றரை செ.மீ. வித்தியாசம் வரும். துளையை ஸ்க்ரூவின் அளவுக்கே போட்டு இறுக்கினால் ஷீட் அலையலையாக எழும்பும், இடையில் மணல் புகும். துளைகள் நீள்வட்டமாக இருக்க வேண்டும்; ஸ்க்ரூவின் தலை ஷீட்டின் மேற்பரப்புக்கு உள்ளே 3 மி.மீ. அமிழ்ந்திருக்க வேண்டும். அணியத்தில் (படகின் முன்முனையில்) ஷீட்டின் முனை நேராக வெட்டி நின்றால் முதல் நடைபாதைக் கல்லிலேயே உரிந்துவிடும். அதை 30 செ.மீ. மேலே வளைத்து ஏற்றி, முனையை ஓர் அலுமினியப் பட்டையால் அழுத்த வேண்டும். ஷீட் கறுப்பு நிறமாக இருந்தால் வெயிலைத் தாங்கும்.

ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவாறு ஆணையிட வேண்டுகிறோம். விவரக்குறிப்பில் ‘அலுமினியம்’ என்று மட்டும் எழுதினால் ஜன்னல் சட்டத்துக்கான 6063 வகையோ மென்மையான வணிகத் தகடோ வந்து சேரும். அடிப்பாகம் 4 மி.மீ., பக்கங்கள் 3 மி.மீ., இரண்டும் கடல்நீரைத் தாங்கும் 5083 வகை, எச்116 அல்லது எச்321 பதம் (தகட்டின் கடினநிலைக் குறியீடு), ஆலையின் சோதனைச் சான்றிதழுடன் என்று எழுத வேண்டும். வெல்டிங் கம்பி 5183 அல்லது 5356 ஆகவும், அனைத்து வெல்டிங்கும் ஆர்கான் வாயுவிலும் இருக்க வேண்டும்.

தெருப் பணிக்கான படகு 4.5 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலத் தட்டை அடி கொண்டதாக இருந்தால் போதும். வெறும் படகு சுமார் 200 கிலோ. எட்டுப் பேர் தூக்கி மினி லாரியில் ஏற்றலாம். எஞ்சினும் எட்டுப் பேரும் ஏறினால் மொத்தம் ஏறக்குறைய 780 கிலோ. அடிப்பரப்பு 6 சதுர மீட்டர் என்பதால் ஒவ்வொரு 60 கிலோவுக்கும் ஒரு செ.மீ. அமிழும், ஆக 13 செ.மீ. முழங்கால் அளவுத் தண்ணீரிலும் ஓடும். இருக்கைகளுக்கு அடியில் குறைந்தது 350 லிட்டர் மூடிய துளை நுரை (தண்ணீரை உறிஞ்சாத நுரை) இருந்தால், தண்ணீர் நிரம்பினாலும் படகு எட்டுப் பேரைப் பிடித்துக்கொள்ள விட்டு மிதக்கும். நுரை அடித்தகட்டில் ஒட்டாமல் 2 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். ஒட்டினால் ஈரம் தேங்கித் தகடு உள்ளிருந்து அரிக்கும்.

பெற்றுக்கொள்ளும் முன் மூன்று சோதனைகள் வேண்டும்: எல்லா வெல்டிங்குக்கும் விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயச் சோதனை, 400 கிலோ பாரத்துடன் சிமென்ட் தரையில் 200 மீட்டர் இழுத்தல், தண்ணீர் நிரப்பி மிதக்கவிடுதல். தாளில் உள்ளதும் தரையில் வந்ததும் ஒன்றா என்று இவை ஒரே நாளில் காட்டிவிடும்.

ஒவ்வொரு மூன்று படகுத் தொகுதியிலும் இரண்டு அலுமினியம், ஒன்று ஃபைபர் என்று வைக்க வேண்டுகிறோம். கழிமுகம், உப்பங்கழி, அலை உள்ள இடங்களுக்கு ஃபைபரே சிறந்தது. அரசிடம் ஏற்கெனவே உள்ள ஃபைபர் படகுகளைக் கழித்துக்கட்ட வேண்டியதில்லை. ஏராவில் 50 மி.மீ. அகலத்துக்குப் பாலிமர் பட்டை பொருத்தி, தட்டிப் பார்த்து, ஊறிய இடங்களைக் கோடையிலேயே சரிசெய்தால் அவை பல ஆண்டுகள் உழைக்கும். இவ்வேலை வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்துக்குள் முடிய வேண்டும்.

விவரக்குறிப்பு தயாரிக்கும் குழு அழைத்தால், மாதிரித் தகடுகள், வெட்டிய ஃபைபர் துண்டுகள், பழுதான அடிப்பாகங்கள் ஆகியவற்றுடன் நேரில் வந்து விளக்கத் தயாராக உள்ளோம். தாங்கள் இம்மனுவைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
படகு கட்டும் மற்றும் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்

இடம்: காசிமேடு, சென்னை

நகல்: இயக்குநர், தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை