பதினேழு படிவங்களும் ஒரு படிக்கட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள் எங்கள் மகளிர் விடுதியிலிருந்து பதினாறு பேர் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தோம். விரலில் மை அழிவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முதலில் கொடுத்த பதினேழு படிவமும் மொத்தமாக நிராகரிக்கப்பட்டன. காரணம் கேட்கப் போன அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். "ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு இங்க என்னம்மா ஓட்டு? படிப்பு முடிஞ்சா மூட்டையக் கட்டிட்டுப் போயிடுவீங்க. சொந்த ஊர்ல போடுங்க" என்றார் அங்கிருந்தவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதனாலேயே நாங்களும் நம்பிவிட்டோம்.

நம்பாதவர் அட்வகேட் அக்கா. தோழி ஒருத்தியின் பெரியப்பா மகள். 1950-ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது 'சாதாரணமாக வசிப்பவரா' என்பதைத்தான், 'நிரந்தரமாக' என்ற சொல்லே அதில் கிடையாது என்று விரல் வைத்துக் காட்டினார். அங்கீகாரம் பெற்ற படிப்பு, குறைந்தது ஒரு வருடப் படிப்பு, முதல்வர் தரும் படிப்புச் சான்று. இவ்வளவு இருந்தால் போதும், ஊரிலா விடுதியிலா என்பது மாணவர் இஷ்டம் என்று தேர்தல் ஆணையமே சொல்லியிருக்கிறது. நிராகரித்தால் 15 நாளுக்குள் ஆட்சியரிடம் மேல்முறையீடும் செய்யலாமாம். நாங்கள் அக்காவிடம் போனபோது அந்த 15 நாள் எப்போதோ போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து.

அமெரிக்காவின் டெக்சாஸ் கதையையும் அக்காதான் சொன்னார். அங்கே வாலர் கவுண்டியில் பிரெய்ரி வியூ என்று கறுப்பினத்தவருக்காகத் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. 1970-களில் அதன் மாணவர்கள் பெயர் சேர்க்கப் போனால் பதிவு அதிகாரி ஒரு கேள்வித்தாளை நீட்டுவாராம். இந்த ஊரில் வீடு இருக்கிறதா, வேலை இருக்கிறதா, படிப்பு முடிந்ததும் என்ன செய்வதாக உத்தேசம்? அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு 1979-ல் மாணவர்கள் பக்கமே முடிந்தது. "நம்ம ஊரு ஆபீஸ்லதான் அவரு டிரெயினிங் எடுத்திருக்கணும்" என்று அக்கா சொன்னபோதுதான் பல நாள் கழித்துச் சிரித்தோம்.

கல்லூரி அலுவலகத்துத் தட்டச்சு அண்ணனுக்கு நன்றி. பஸ் பாஸுக்கும் பேங்க் லோனுக்கும் சான்று அடித்த கை, ஓட்டுக்கு அடித்தது இதுதான் முதல் முறையாம். ஐந்து மணிக்கு மேல் உட்கார்ந்து பதினேழையும் அடித்தார். "சீல் மங்கலா விழுந்தா அதையும் ஒரு சாக்கா சொல்லுவாங்க" என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அக்காவுக்கு நன்றியை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அங்கன்வாடி வேலை முடிந்து, டிபன் பையோடு, விடுதி வாசல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு படிவமாகப் பார்த்தார். ஒருத்தி பெயரில் 'ழி' 'லி'யாகி இருந்ததைப் பிடித்தார். அதைவிடப் பெரிய தப்பு எங்களுடையது. மூன்று பேருக்கு ஏற்கெனவே ஊரில் பெயர் இருந்தும் புதிதாகச் சேர்வதற்கான படிவம் 6-ஐ நிரப்பியிருந்தார்கள். "வேற எங்கயும் பேர் இல்லன்னு இதுல கையெழுத்துப் போடுறீங்க. பொய்னா ஒரு வருஷம் வரைக்கும் உள்ள இருக்கணும், தெரியுமா?" என்று அதட்டிவிட்டு, இடம் மாறுவதற்கான படிவம் 8-ஐப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்று அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது மணி எட்டரை.

அப்பா, உங்களுக்கும். "நம்ம ஊர்ல ஒரு ஓட்டு குறையுதே" என்றுதான் முதலில் புலம்பினீர்கள். 1989-ல் வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனதால்தான் அந்த நவம்பரில் பத்தொன்பது வயதிலேயே ஓட்டுப் போட்டேன் என்று மறுநாள் நீங்களே கூப்பிட்டுச் சொன்னீர்கள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை?

பதினேழாவது ஆள் ஒருத்தி இருக்கிறாள். அவள் படிவம் மட்டும் எங்கோ மாட்டிக்கொண்டது. வேட்புமனுவுக்குக் கடைசி நாளான மார்ச் 27 தாண்டிவிட்டால் பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. தாண்டிவிட்டது. ஆனாலும் அன்று காலை எங்களோடு வந்தாள். சாவடிக்குள் செல்போன் கூடாது என்பதால் பதினாறு போனையும் துப்பட்டாவில் முடிந்துகொண்டு எதிரே வேப்பமரத்தடியில் நின்றாள். எல்லா வீட்டிலிருந்தும் மாறி மாறி அழைப்பு. "உள்ள போயிருக்கா ஆன்ட்டி, இப்ப வந்திருவா" என்று பதினாறு அம்மாக்களுக்கும் அவள்தான் பதில் சொன்னாள்.

பி.எல்.ஓ. அக்கா, தேர்தல் வேலையெல்லாம் ஓயட்டும். ஜூனில் அவள் படிவத்தோடு வருகிறோம். சான்று அடித்தாகிவிட்டது.

அன்புடன்,
மூன்றாம் மாடிப் பிள்ளைகள் சார்பில் ஒருத்தி