எடிட் செய்ய முடியாத எஸ்விஜி டெம்ப்ளேட்டுகள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்
உரிமையாளர்,
லேத் மற்றும் ஃபேப்ரிகேஷன் பட்டறை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கேட் (கம்ப்யூட்டர் வரைபட) டெம்ப்ளேட் தயாரிப்பு நிறுவனம், சென்னை.

பொருள்: இயந்திர பாகங்களின் டிராயிங் போடும் ஃப்ரீகேட் மென்பொருளுக்கென்று எஸ்விஜி கோப்புகளாக வாங்கிய ஏ4, ஏ3, ஏ2 டெம்ப்ளேட்டுகள் (ஓரக்கோடும் தலைப்புக் கட்டங்களும் முன்பே போட்ட டிராயிங் தாள்கள்) பயன்படாத நிலையில் இருப்பது, பணத்தைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். பேரணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்து டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) டிரம் ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங், பிராக்கெட் என்று உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. லேத், டிரில்லிங் எல்லாம் என் கணவர் பொறுப்பு. டிராயிங், பில், ஃபோன் மூன்றும் என் தலையில். ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் படித்தவள் நான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் சப்போர்ட் ஆட்கள் ஃபோனில் என்னிடம் "மேடம், உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரிஞ்ச யாராவது பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். வேறு யாரும் இல்லை. நான்தான் இருக்கிறேன்.

மூன்று தாள் அளவுக்கும் எங்கள் பட்டறை பெயர், முத்திரை, தமிழ் தலைப்புகளோடு டெம்ப்ளேட் செய்து தர 18,000 ரூபாய், ஜிஎஸ்டி 3,240 ரூபாய், ஆக 21,240 ரூபாய் முன்பணமாகவே கட்டிவிட்டோம். ஃப்ரீகேட்டில் டிராயிங் தாள் தயார்செய்யும் டெக்ட்ரா பகுதியில் திறந்து நேரடியாக எடிட் செய்யலாம் என்று உங்கள் கொட்டேஷனில் தெளிவாக இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் உங்களிடம் வந்தோம். கோடு போட்ட வெறும் பெட்டி வேண்டுமென்றால் அதை நானே போட்டிருப்பேன்.

நீங்கள் முதலில் அனுப்பிய ஏ3 கோப்பைத் திறந்ததும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் டெக்ட்ராவில் எடிட் செய்யக்கூடிய இடங்கள் பச்சை அடையாளத்தோடு தெரிய வேண்டும். அதைத் தொட்டால் சின்னப் பெட்டி திறக்கும், அதில் டைப் செய்தால் தாளில் மாறும். உங்கள் தாளில் தேடிப் பார்த்தும் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. வரைபட எண் இல்லை, தேதி இல்லை, திருத்த எண் இல்லை. எல்லாமே செத்த எழுத்து.

உங்கள் ஆட்கள் சொன்ன முதல் பதில், "ஃப்ரீகேட் இலவச சாஃப்ட்வேர் மேடம், அதான் அப்படி. எங்ககிட்ட நல்ல பெய்டு பேக்கேஜ் இருக்கு." இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அதே கம்ப்யூட்டரில், அதே ஃப்ரீகேட்டில், அதோடு கூடவே வரும் ஏ3 டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தேன். பச்சை அடையாளங்கள் வரிசையாக நின்றன. தொட்டேன், எழுதினேன், மாறியது. பிறகு இரண்டு கோப்புகளையும் நோட்பேடில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எஸ்விஜி என்பது எழுத்தாகவே திறந்து படிக்கக்கூடிய கோப்புதானே. ஃப்ரீகேட்டோடு வந்த கோப்பில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு டெக்ஸ்ட் டேக் (இது எழுத்து என்று காட்டும் குறி), அதற்குள் டிஸ்பேன் என்ற உள்குறி, மேலே 'ஃப்ரீகேட்:எடிடபிள்' என்ற அட்ரிபியூட், அதாவது இதை எடிட் செய்யலாம் என்று ஃப்ரீகேட்டுக்குச் சொல்லும் குறிப்பு, அதற்கு ஒரு பெயர். கோப்பின் தலையில் 'ஃப்ரீகேட்' என்ற அந்த முன்னொட்டு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் நேம்ஸ்பேஸ் அறிவிப்பு. உங்கள் கோப்பில் 'எடிடபிள்' என்று தேடினேன், ஒரு இடத்திலும் இல்லை. டெக்ஸ்ட் டேக்கே இல்லை. எழுத்து முழுவதையும் பாத் ஆக, அதாவது கோட்டு உருவமாக, மாற்றி வைத்திருக்கிறீர்கள். 'தேதி' என்ற சொல் அங்கே சொல்லாக இல்லை, வளைகோடுகளாக இருக்கிறது. இதை ஃப்ரீகேட் மட்டுமல்ல, எந்த சாஃப்ட்வேரும் எடிட் செய்யாது.

ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் உடையாமல் இருக்கத்தான் பாத் ஆக்கினோம் என்றார் உங்கள் டிசைனர். அதில் பாதி நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 'பொருள்', 'அளவுகோல்', 'சரிபார்த்தவர்' போன்ற மாறாத தலைப்புகளைத் தாராளமாகப் பாத் ஆக்குங்கள், யார் கேட்டார்கள்? அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் நாங்கள் நிரப்ப வேண்டிய இடத்தையும் சேர்த்து உறைய வைத்ததுதான் குற்றம்.

"பிடிஎஃப் பார்த்து நீங்கதானே ஓகே சொன்னீங்க?" என்பது அடுத்த வாதம். பிடிஎஃப்பில் தெரிவது தோற்றம் மட்டும்தான். எடிட் ஆகுமா ஆகாதா என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உங்களுக்கும் இது தெரியும்.

நிறைய இழுத்தடித்த பிறகு திருத்திய கோப்புகள் என்று மறுபடி அனுப்பினீர்கள். இந்த முறை டெக்ஸ்ட் டேக் இருந்தது, பச்சை அடையாளமும் வந்தது. ஆனால் வந்த தொல்லைகள் முதலில் வந்ததைவிட மோசம்.

ஏ2 கோப்பு சரியான அளவில் திறக்கிறது. ஏ3 கோப்பு சரியான அளவில் திறக்கவில்லை. அகலம் 420 மிமீ, உயரம் 297 மிமீ என்று மிமீ போட்டு எழுத வேண்டிய இடத்தில் வெறும் 1587, 1123 என்று எண் மட்டும் இருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று வைத்து 420 மிமீயை மாற்றினால் 1587 வருகிறது. ஆக, யாரோ வெப்சைட் பேனர் செய்வதுபோல பிக்சலில் வரைந்து அப்படியே சேமித்திருக்கிறார்கள். மிமீ இல்லாததால் ஃப்ரீகேட் அதை மிமீ என்றே எடுத்துக்கொண்டு தாளை ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு விரித்துவிட்டது. நான் ஒன்றுக்கு ஒன்று அளவில் வைத்த ஹவுசிங் அதன் நடுவில் எறும்பு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தாளுக்குள் எத்தனை அலகு என்று சொல்லும் வியூபாக்ஸும் 0 0 420 297 என்று இருந்தால்தான் ஒரு அலகு ஒரு மிமீ ஆகும். எஸ்விஜியில் டிராயிங் தாள் செய்கிறவர்களுக்கு இது அரிச்சுவடி.

அடுத்தது 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்'. இரண்டு கட்டத்துக்கும் ஒரே எடிடபிள் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றை காப்பி எடுத்துப் பக்கத்தில் ஒட்டி, பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள் போல. வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினால் சரிபார்த்தவர் இடத்திலும் என் பெயரே வருகிறது. அங்கே போய் என் கணவர் பெயரை எழுதினால் என் பெயர் காணாமல் போகிறது. வரைந்தவரே சரிபார்த்தவராக இருக்கும் டிராயிங்கை எந்தக் கம்பெனி குவாலிட்டி ஆள் வாங்குவார்? நேராகத் திருப்பி அனுப்புவார்.

தமிழ் எழுத்து விஷயம் தனிக் கதை. நிரப்பும் இடங்களைப் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய ஃபான்ட்டில் வைத்திருக்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் இன்னமும் அது ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஃப்ரீகேட்டில் அந்த இடத்தைத் தொட்டால் திறக்கும் பெட்டியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. நான் யூனிகோடில் டைப் செய்தால் தாளில் வேறு ஏதோ ஃபான்ட்டில், வேறு உயரத்தில், கட்டத்தை விட்டு வெளியே ஓடுகிறது. யூனிகோட் தமிழ் என்று ஆர்டர் கொடுக்கும்போதே மெயிலில் எழுதியிருந்தேன். நகல் இணைத்திருக்கிறேன்.

இனி பணநஷ்டம் வந்த இடத்துக்கு வருகிறேன். டைட்டில் பிளாக்கில், அதாவது வரைபட எண், தேதி போன்ற விவரங்கள் இருக்கும் கட்டத்தில், புரொஜெக்‌ஷன் குறி இருக்கும். பொருளை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்த தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் வைத்திருக்கிறோம் என்று சொல்லும் குறி அது. நம் நாட்டில் ஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய) முறைப்படி ஃபர்ஸ்ட் ஆங்கிள். தேர்டு ஆங்கிள் என்றால் அந்தத் தோற்றங்கள் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடும். ஃபர்ஸ்ட் ஆங்கிள் குறியில் கூம்பு இடது பக்கம், இரட்டை வட்டம் வலது பக்கம். நீங்கள் ஒப்புதலுக்கு அனுப்பிய பிடிஎஃப்பில் இது சரியாகத்தான் இருந்தது. கடைசியாக வந்த ஏ4 கோப்பில் வட்டம் இடது பக்கம் வந்து தேர்டு ஆங்கிள் குறியாகிவிட்டது. ஃப்ரீகேட்டில் என் வியூக்கள் எல்லாம் ஃபர்ஸ்ட் ஆங்கிளில், தாளில் அச்சாகும் குறி தேர்டு ஆங்கிள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பேரிங் ஹவுசிங் அது. டிரில்லிங்குக்கு ராணிப்பேட்டையில் வேறொரு பட்டறைக்குக் கொடுத்திருந்தோம். அங்கே இருந்தவர் குறியைப் பார்த்து, முறைப்படியே படித்து, கிரீஸ் நிப்பிள் துளையை எதிர்ப்பக்கத்தில் போட்டுவிட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. குறியைப் பார்க்காமல் போடுகிற ஆளாக இருந்திருந்தால் ஒருவேளை சரியாகப் போட்டிருப்பார்! அந்த ஹவுசிங்குகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. டேனரியில் டிரம் நின்றால் உள்ளே இருக்கும் தோல் கெடும், அதனால் ராத்திரியோடு ராத்திரியாக வேறு செய்து கொடுத்தோம். காஸ்டிங், டிரில்லிங் கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். பில்கள் இணைத்திருக்கிறேன்.

முகவரியையும் சொல்லிவிடுகிறேன், சின்ன விஷயம் என்று நீங்கள் நினைப்பீர்கள். முத்திரைக்காக மட்டும் என் மாமனாரின் பழைய பில் புத்தகத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். அதில் இருந்த 'வ.ஆ. மாவட்டம்' என்பதையும் எடுத்து டைட்டில் பிளாக்கில் போட்டுவிட்டீர்கள். வடாற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. பிறகு வேலூர் மாவட்டமாகி, 2019இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போய்விட்டன. மாமனாருக்கு அந்தப் பெயர்மேல் பிரியம், அவர் பார்த்துச் சந்தோஷப்பட்டார் என்பது வேறு. ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் முகவரியும் டிராயிங்கில் இருக்கும் முகவரியும் வேறு வேறாக இருந்தால் எனக்குத்தான் கேள்வி வரும். இந்த வரியை நானே திருத்திக்கொள்ளலாம் என்று பார்த்தால், இது இன்னமும் பாத் ஆகவே இருக்கிறது.

எஸ்விஜி வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் செய்த ஒரிஜினல் கோப்பைக் கொடுங்கள், நானே சரிசெய்துகொள்கிறேன் என்றும் கேட்டுவிட்டேன். எக்ஸ்எம்எல் எடிட்டரைத் திறந்து ஒவ்வொரு டெக்ஸ்ட்டுக்கும் அட்ரிபியூட் சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. சோர்ஸ் கோப்பு தருவதில்லை, அது கம்பெனி பாலிசி, வேண்டுமானால் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது. எங்கள் முத்திரை, எங்கள் பெயர், எங்கள் தலைப்புகள், எங்கள் பணம். பாலிசி மட்டும் உங்களுடையதா?

எனவே நான் கேட்பது இது. கட்டிய 21,240 ரூபாயையும், தவறான குறியால் வீணான 9,400 ரூபாயையும் இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எங்கள் வங்கிக் கணக்கில் போட வேண்டும். திருத்திய கோப்பு என்று இன்னொன்று அனுப்ப வேண்டாம். அதைச் சோதித்துப் பார்க்க என்னிடம் நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. எங்கள் முத்திரை உள்ள கோப்புகளை உங்கள் விளம்பர மாதிரிகளிலிருந்தும் நீக்கிவிடுங்கள். உங்கள் சேம்பிள் பக்கத்தில் எங்கள் ஏ3 தாள் 'முழுக்க எடிட் செய்யலாம்' என்ற வரிக்குக் கீழே நிற்பதைப் பார்த்தேன்.

பதில் வராவிட்டால் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவேன், அதன் பிறகு வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். வழக்கென்றால் சென்னைக்கு வரட்டும் என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். தொழிலுக்காக வாங்கியதால் நாங்கள் நுகர்வோர் இல்லை என்ற வாதம் வரும் என்பதும் தெரியும். சுயதொழில் செய்து அதில் மட்டுமே பிழைக்கிறவர்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும்தான் முதலாளி, நாங்களேதான் தொழிலாளி.

ஃபோனில் பேச வேண்டாம், எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
காட்பாடி.

இணைப்பு: கொட்டேஷன், பணம் கட்டிய ரசீது, ஆர்டர் மெயில், ஒப்புதலுக்கு வந்த பிடிஎஃப், இரண்டு முறை வந்த எஸ்விஜி கோப்புகள், ஃப்ரீகேட் ஸ்கிரீன்ஷாட்கள், காஸ்டிங் மற்றும் டிரில்லிங் பில்கள்.