பேயிடம் பெயர் கேட்டுப் பழகியவர்கள்

பாளையங்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள குமார்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் அப்பாவின் வீடு. விலை பேசி முடித்தாயிற்று, தை பிறந்ததும் கிரயம். அதற்குள் சாமான்களை ஒழிக்க வேண்டும். பரணில் எலி இருக்கிறது, ஏற மாட்டேன் என்று தம்பி ஒதுங்கிவிட்டான். ஆக நான்தான் நான்கு நாளாக லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏணியும் தூசியுமாகக் கிடக்கிறேன். அம்மாவைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டேன். ராத்திரியும் இங்கேதான் படுக்கை. தனியாக.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

'ஹெரெடிட்டரி' என்ற அமெரிக்கப் பேய்ப்படத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். "ஒன்றரை மணி நேரம் இழவு வீடு, அரை மணி நேரம் அம்மணக் கிழவர்கள்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டாய். நீ தனி ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. படம் வெளியான அன்று தியேட்டரில் பார்த்தவர்களிடம் சீட்டைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்வார்கள். 2018-ல் ஹெரெடிட்டரிக்குக் கிடைத்தது டி பிளஸ். நம் பள்ளிக்கூடத்தில் அந்த மார்க் வாங்கியிருந்தால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருப்பார்கள். விமர்சகர்களோ அதே படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். 'தி விட்ச்' சி மைனஸ், 'இட் கம்ஸ் அட் நைட்' டி, அரோனாஃப்ஸ்கியின் 'மதர்!' நேராக எஃப். நாம் இருவரும் அடித்துக்கொள்கிற படங்களில் பாதி இந்த ஃபெயில் லிஸ்ட்டில்தான் இருக்கிறது.

பாதிக் குற்றம் டிரெய்லர் வெட்டுகிறவர்களுடையது. ஹெரெடிட்டரியின் டிரெய்லரைப் பார்த்தால் சார்லி என்ற அந்தச் சின்னப் பெண்தான் கதை முழுக்க வருவாள், அவள்தான் பேய்க் குழந்தை என்று நினைப்போம். படத்தில் அவள் முதல் முக்கால் மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. திடுக் திடுக்கென்று பயப்பட வந்தவனை ஒரு சாவு வீட்டில் உட்காரவைத்தால் அவன் கோபப்படாமல் என்ன செய்வான்? அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ டிரெய்லரே பார்ப்பதில்லை என்று சொல்கிற ஆள். உனக்கு என்ன சாக்கு?

நான் அந்தப் படத்தை ஏன் விடமாட்டேன் என்கிறேன் என்று இப்போது சொல்கிறேன். அந்தக் கார் காட்சியை மறந்திருக்க மாட்டாய். தங்கை சார்லியின் தலை கம்பத்தில் மோதிப் போய்விட்டது. அண்ணன் பீட்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், நிறுத்துகிறான், மாடியேறிப் போய்ப் படுத்துக்கொள்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அம்மா கார் சாவியோடு வெளியே போகிற சத்தம் நமக்குக் கேட்கிறது. அப்புறம் அவளுடைய அலறல். கேமரா மட்டும் நகரவே இல்லை. கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிற பையனின் முகத்திலேயே நிற்கிறது.

இதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. அப்பா இறந்துபோன ராத்திரி இரண்டரை மணிக்குத் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். அம்மா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து நாளில் அன்றைக்குத்தான் கொஞ்சம் அசந்து தூங்கினாள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி படுத்துவிட்டேன். எழுப்பவில்லை, அழவில்லை. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஐந்து மணிக்கு வாசல் தெளிக்க வாளியைத் தூக்கினாளே, அப்போதுதான் சொன்னேன். மூன்று வருடம் கழித்து இந்தப் படத்தை இரண்டாம் தடவை பார்த்தபோது பீட்டரின் முகத்தில் நான் கிடந்தேன். அம்மாவாக வரும் டோனி கோலெட்டின் நடிப்பைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆஸ்கர்காரர்கள் அவர் பெயரைப் பரிந்துரைப் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை என்று இன்றைக்கும் அங்கலாய்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பையன்தான் படம்.

கடைசி இருபது நிமிடத்தைப் பற்றி நீ சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பைமன் என்ற நரக அரசன், கிரீடம், மர வீடு, கும்பிடு போடுகிற கூட்டம் எல்லாம் முதல் தடவை எனக்கும் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டிய மாதிரிதான் பட்டது. திரும்பப் பார்த்தபோது அந்தக் கூட்டம் ஆரம்பத்திலிருந்தே அங்கே இருப்பது தெரிந்தது. சாவு வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் சிரிக்கிறார். பிறகு சார்லியின் தலை மோதப்போகிற கம்பத்தில் அவர்களுடைய சின்னம் முன்கூட்டியே செதுக்கியிருக்கிறது. பீட்டர் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் ஹெராக்ளிஸ் கதையைப் பாடம் நடத்துகிறார்கள்: தப்பிக்க வழியே இல்லாதவனின் கதை கூடுதல் சோகமா, குறைவான சோகமா என்று கேள்வி. படத்தின் முதல் ஷாட்டே ஒரு பொம்மை வீட்டுக்குள் கேமரா நுழைவதுதானே. இதற்காகவே வீட்டின் உட்புறம் முழுவதையும் செட்டாகப் போட்டு, வேண்டிய சுவரைக் கழற்றிக்கொள்ளும்படி செய்தார்களாம். இயக்குநர் ஆரி ஆஸ்டருக்கு இது முதல் முழுநீளப் படம், அதையும் மறந்துவிடாதே.

பரணில் தூசி தட்டிக்கொண்டே ஒன்று யோசித்தேன். இந்த மாதிரிப் படங்கள் நம்மை ஏன் இப்படிப் படுத்துகின்றன? நாம் பேயோடு பேசிப் பழகியவர்கள். ஊரில் யாருக்காவது பேய் பிடித்தால் கோடாங்கி என்ன செய்வார்? உடுக்கையை அடித்து, "நீ யாரு, எந்த ஊரு, என்ன வேணும்?" என்றுதானே கேட்பார்? அது பெயரைச் சொல்லும், செத்த விதத்தைச் சொல்லும், கறிச்சோறோ சேவலோ கேட்கும். கேட்டதைக் கொடுத்து, உச்சி முடியைப் புளியமரத்தில் ஆணி அடித்தால் ஆயிற்று. நம் படங்களும் அதே வழிதான். இடைவேளைக்கு அப்புறம் ஃபிளாஷ்பேக், பேய்க்கு நடந்த அநியாயம், வில்லனுக்குத் தண்டனை. தாலுகா ஆபீஸுக்கு மனு எடுத்து வருகிறவர்களைப் போலத்தான் நம் பேய்களும் வருகின்றன, மனுவை வாங்கிக்கொண்டால் போய்விடும்.

ஹெரெடிட்டரியில் யாரிடம் மனு வாங்குவது? அந்தக் குடும்பம் ஒரு தப்பும் செய்யவில்லை. பாட்டி யாரிடமோ எப்போதோ பேசி முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். பேரனுக்குச் சொத்து மாதிரி அது வந்து சேருகிறது. ஊழ் என்ற சொல் கையில் இருக்கிற நாம் இதற்கு அதிர்ச்சியடைய வேண்டியதே இல்லை. ஆனாலும் நீ கோபப்படுகிறாய், ஏனென்றால் ஃபிளாஷ்பேக்கில் யாரும் தப்பு செய்யவில்லை. இது என் அனுமானம். இல்லை என்றால் எழுது. துக்கத்தின் உருவகம், மனநோயின் குறியீடு என்று விளக்கம் சொல்கிறவர்களும் எனக்கு ஆகாது. பேய் என்றால் பேயாக இருக்க வேண்டும். உருவகம் ராத்திரி வந்து காலைப் பிடித்து இழுக்காது.

இதே காரணத்தால்தான் 'வெப்பன்ஸ்' உனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். 2025-ல் வந்ததில் எனக்கும் அது பிடித்தது. ராத்திரி 2.17-க்கு ஒரே வகுப்பைச் சேர்ந்த பதினேழு குழந்தைகள் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு இருட்டுக்குள் ஓடுகிற அந்தத் தொடக்கம் இருக்கிறதே, அப்பா! ஆனால் கடைசியில் கிளாடிஸ் அத்தை என்ன செய்கிறாள்? முடியை எடுத்து ஒரு குச்சியில் சுற்றி ஒடிக்கிறாள். இது நம் ஊர்ச் செய்வினை. அமெரிக்காவில் அதற்கு மர்மம், குறியீடு என்று ஆளாளுக்கு விளக்கம் எழுத, நான் அம்மாவுக்கு அந்த இடத்தை மட்டும் செல்போனில் போட்டுக் காட்டினேன். "இதுக்குத்தான் சீவின முடியைச் சுருட்டித் தூரப் போடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றாள். கனவில் வீட்டின் மேல் பிரம்மாண்டமான துப்பாக்கி மிதக்கிறதே, அது எதற்கு என்று நீ கேட்டிருந்தாய். அம்மாவிடம் அதற்கும் பதில் இருக்கும், நான் கேட்கவில்லை. இயக்குநர் ஸாக் கிரெகர் நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தவர், 'கெட் அவுட்' எடுத்த ஜோர்டன் பீலும் அப்படித்தான். சிரிக்கவைக்கிறவனுக்கு எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்று தெரியும். பயமுறுத்தவும் அந்தக் கணக்குதான் தேவைப்படுகிறது போல.

'தி சப்ஸ்டன்ஸ்' பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. மகள் திட்டுவாள். டெமி மூர் கண்ணாடி முன்னால் போட்ட மேக்கப்பை அழித்து அழித்துப் போட்டு, கடைசியில் வெளியே போகாமலே இருந்துவிடுகிற காட்சிதான் படத்திலேயே பயங்கரம் என்கிறாள், ஒத்துக்கொள்கிறேன். முடிவில் வாளி வாளியாகத் தெளிக்கிற ரத்தம் எனக்கு வேண்டாம். 'சின்னர்ஸ்' பேய்ப்படமே இல்லை, பாட்டுப் படம் என்கிறாய். அதற்கு சினிமாஸ்கோர் ஏ கொடுத்திருக்கிறது. நானும் ஏதான் கொடுப்பேன். அந்த ஒரு நீளப் பாட்டுக் காட்சிக்காகவே.

இப்போது உன் செல்லப் பிள்ளை, 'ஸ்கினமரிங்க்'. நீ கனடாவில் எட்மண்டனில் இருப்பதால் அதற்கு வக்காலத்து வாங்குகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். இயக்குநர் கைல் எட்வர்ட் பால் அதை அதே ஊரில் தான் வளர்ந்த வீட்டிலேயே எடுத்தார், செலவு வெறும் பதினைந்தாயிரம் டாலர், வீடு உன் தெருவில் இருக்கிற வீடு மாதிரியே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இருக்கட்டுமே. நூறு நிமிடம் சுவரின் மூலையையும் கூரையையும் காட்டிக்கொண்டிருந்தால் எப்படி? மனிதர்களின் முகம்கூடச் சரியாகத் தெரிவதில்லை. போன வருடம் வீட்டு ஹாலில் டியூப் லைட் வெளிச்சத்தில், பக்கத்தில் பக்கோடாவோடு பார்த்தேன். இருபதாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். அதைத்தான் உனக்கு "தாலாட்டு" என்று எழுதினேன், நீ ஒரு மாதம் பேசவில்லை.

முந்தாநாள் மறுபடி போட்டேன். இந்த வீட்டில், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு. ராத்திரி முழித்துக்கொள்கிற இரண்டு குழந்தைகள், அப்பாவைக் காணவில்லை. கதவு, ஜன்னல் எல்லாம் ஒவ்வொன்றாக மறைகின்றன. டிவியில் பழைய கார்ட்டூன் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். காரணம் இல்லை, பேருக்கு ஒரு பேய்கூட இல்லை, மனு கொடுக்க ஆளே இல்லை. மாடிக்கு வா, கட்டிலுக்கு அடியில் பார் என்று குரல் சொல்கிற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். எழுந்து எல்லா விளக்கையும் போட்டேன். நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்காது. அதைச் சிறந்த படம் என்று இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். முழுதாகப் பார்க்காத படத்துக்கு எப்படி மார்க் போடுவது? அடுத்த தடவை நீ வரும்போது இருவரும் சேர்ந்து மிச்சத்தைப் பார்க்கலாம். 'ஈவில் டெட்' பார்த்துவிட்டு ஹாஸ்டல் சுவரேறிக் குதித்து வந்த ராத்திரி, வராந்தாக் கோடியில் இருந்த கக்கூஸுக்குப் போக என்னை மூன்று தடவை எழுப்பிய ஆள் நீ. அதனால் துணைக்கு நம்பலாமா என்று தெரியவில்லை.

நீ இன்னும் பார்க்கவில்லை என்றால் மலையாளத்தில் 'பூதகாலம்' பார். 2022-ல் வந்தது, ராகுல் சதாசிவன் எடுத்தது. பாட்டி சாவதில் தொடங்கி, ரேவதியும் ஷேன் நிகமும் அம்மாவும் மகனுமாக ஒரு வாடகை வீட்டில் மாட்டிக்கொள்கிற கதை. பேய் இருக்கிறதா, பையனுக்குத்தான் கோளாறா என்று கடைசி வரை இழுக்கிறார்கள். அம்மணக் கிழவர்கள் கிடையாது, உத்தரவாதம்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியை நேற்றுத் திறந்தேன். ஹெரெடிட்டரியில் பீட்டரின் அம்மா ஆனி தன் அம்மாவின் பெட்டிகளைத் திறந்து பார்ப்பாளே, அந்த ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் பூட்டில் கையை வைத்தபடியே இருந்தேன். உள்ளே 1984-லிருந்து மின் கட்டண ரசீதுகள், வருடவாரியாக நூல் போட்டுக் கட்டி. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அடியில் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகல். கணக்கில் நான் வாங்கிய மார்க்குக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறார். அம்மாவிடம் காட்டவில்லை.

ஊஞ்சல் பலகை உனக்கு வேண்டுமா? தேக்கு, நல்ல கனம். கப்பலில்தான் வர வேண்டும். வேண்டாம் என்றால் தம்பி எடுத்துக்கொள்வான், பொங்கலுக்குள் சொல். பரணில் அப்பாவின் மூன்று செல் டார்ச் ஒன்று கிடைத்தது, புது செல் போட்டதும் பளிச்சென்று எரிகிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். இந்த வீட்டுப் பின்கட்டு விளக்குக்கு ஸ்விட்ச் அந்தக் கோடியில் இருக்கிறது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது நான் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

உன்,
ராஜு