குவாடல்கனால் கப்பலின் வரலாற்றுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

இரண்டாம் உலகப்போரில் அட்லாண்டிக்கில் நீர்மூழ்கி வேட்டையாடிய அமெரிக்கத் துணை விமானந்தாங்கிக் கப்பல் குவாடல்கனால், சி.வி.ஈ.-60. அதன் பணி வரலாறு தமிழில் தொகுக்கப்பட்டுவிட்டது. உதவியவர்களில் பெரும்பாலோர் பெயர் வேண்டாம் என்றதால், செய்த வேலையைச் சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி, பழைய கடற்படைத் தாள்களைப் பிரித்துத் தந்த அம்மாவுக்கு. இந்தக் கப்பலுக்கு முதலில் இட்ட பெயர் ஆஸ்ட்ரோலாப் பே. 1943 ஜூலை நடுவில் சி.வி.ஈ. என்ற வகைக்குறி வரும்வரை ஏ.சி.வி. என்றே எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துத் தேடாவிட்டால் தொடக்க மாதங்கள் கைக்குச் சிக்காது. கட்டிய இடம் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் இருந்த கைசர் தளம். கனடாவின் வான்கூவர் அல்ல. நீரில் இறங்கியது 1943 ஜூன் 5. கேப்டன் டேனியல் கேலரியின் தலைமையில் பணியேற்றது செப்டம்பர் 25.

ஜெர்மன் குறிப்பேடுகளை வாசித்துச் சொன்ன தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறோம். யூ-படகுகள் (ஜெர்மன் நீர்மூழ்கிகள்) எங்கிருந்தாலும் ஜெர்மன் நேரத்தையே எழுதும். அமெரிக்கக் கப்பல்கள் இருக்கும் மண்டலத்தின் நேரத்தை எழுதும். நள்ளிரவையொட்டிய மோதல்களில் இதனால் தேதியே ஒருநாள் தள்ளிப்போகும். அவர் நேரத்தை ஒருமுகப்படுத்திய பிறகுதான் 1944 ஏப்ரல் 9-இல் யூ-515, மறுநாள் யூ-68 மூழ்கிய வரிசை சரியாக அமர்ந்தது. அதற்கு முன்பு ஜனவரி 16-இல் மூழ்கியது யூ-544.

விமானப் பகுதியைத் திருத்தியவர் கடற்படையில் பறந்து ஓய்வுபெற்ற ஐயா. கப்பலின் உச்ச வேகம் 19 நாட் (மணிக்கு 19 கடல்மைல்). தளத்தில் விமானத்தை உந்தி எறியும் கவண் ஒன்றே ஒன்று. காற்று ஓய்ந்திருக்கும் நாளில் ஆழ்வெடி சுமந்த அவெஞ்சர் விமானத்தை வெறும் ஓட்டத்தில் கிளப்ப முடியாது, கவணில் ஏற்றித்தான் எறிய வேண்டும். பகலில் விமானத்துக்கு அஞ்சி மூழ்கிக்கிடக்கும் படகு, பேட்டரி ஏற்ற இரவில்தான் மேலே வரும். ஏப்ரலில் நிலவொளியில் இரவுப் பறப்பைத் தொடங்கியது ஏன் என்று இதைப் படித்தால் புரியும். விமானப் படையணிகள் பயணத்துக்குப் பயணம் மாறியதையும் (வி.சி.-13, வி.சி.-58, வி.சி.-8) அவரே வரிசைப்படுத்தினார்.

எல்லாவற்றிலும் கனமான கடன், கப்பல் எஞ்சின் அறையில் காலம் கழித்த மரைன் என்ஜினியர் ஐயாவுக்குத்தான். 1944 ஜூன் 4 அன்று யூ-505 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி பிடிபட்ட கதையில் எல்லோரும் படகில் குதித்த வீரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட் குழு இறங்கியதும், ஸெனான் லுகோசியஸ் கழன்று கிடந்த கடல்நீர் வடிகட்டி மூடியைத் தேடி எடுத்துத் திருகி நீரை அடைத்ததும் பெரிய காரியங்களே. ஆனால் அடைத்த பின்னும் பின்பக்கம் அமிழ்ந்து, சுக்கான் வலப்பக்கம் சிக்கிய படகு மிதந்தது எப்படி? பக்கத்தில் ஒட்ட வந்த துணைப் போர்க்கப்பல் பில்ஸ்பரி, படகின் முன்துடுப்புத் தகடு குத்திக் கிழித்து, தானே நீர் புகுந்து விலகிவிட்டது. குவாடல்கனாலே கம்பிவடம் கட்டி இழுத்தது. முதல் இரவே வடம் அறுந்தது. வேறு வடம் மாட்டினார்கள்.

அடுத்ததை ஐயா படம் போட்டே விளக்கினார். படகில் டீசல், கிளட்ச், மின்மோட்டார், சுழலி (புரொப்பெல்லர்) எல்லாம் ஒரே தண்டில் வரிசையாக இருக்கும். குவாடல்கனாலின் தலைமைப் பொறியாளர் ஏர்ல் ட்ரோசினோ டீசலின் கிளட்சை மட்டும் விடுவித்து, மோட்டாரைத் தண்டோடு இருக்க விட்டார். இழுக்கும்போது நீர் சுழலியைச் சுற்றும், சுழலி மோட்டாரைச் சுற்றும், மோட்டார் ஜெனரேட்டராகி பேட்டரியை ஏற்றும். அந்த மின்சாரத்தில் படகின் சொந்த பம்புகளும் காற்றழுத்திகளும் ஓடின. தொட்டிகளிலிருந்து நீர் வெளியேற, படகு மேலே வந்தது. மெதுவாக இழுத்தால் சுழலி போதிய வேகத்தில் சுற்றாது, ஆகவே இழுவை வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. பாதுகாப்புக் கருதி மெதுவாக இழுத்திருந்தால் படகு போயிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. பிறகு அப்னாகி என்ற இழுவைக் கப்பல் பொறுப்பேற்க, ஜூன் 19-இல் படகு பெர்முடா தீவை அடைந்தது.

அவரேதான் கப்பலின் சொந்த எஞ்சினையும் எழுதித் தந்தார்: இரண்டு ஸ்கின்னர் யூனாஃப்ளோ நீராவி எஞ்சின்கள், மொத்தம் 9,000 குதிரைத்திறன். உருளையின் இரு முனைகளிலும் நீராவி புகுந்து நடுத்துளைகள் வழியே வெளியேறும். உருளையில் ஊற்றும் எண்ணெய் நீராவியோடு கலந்து கொதிகலனுக்குப் போய்விடும் என்பதுதான் இதில் தொல்லை.

சிகாகோ அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கும் யூ-505-ஐ உள்ளும் புறமும் படமெடுத்து அனுப்பிய நண்பர்களுக்கும், அயல்பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒன்றுபோலாக்கிய மெய்ப்புத் திருத்துநருக்கும் நன்றி. குவாடல்கனால் 1946-இல் பணி ஓய்ந்து 1959-இல் சிதைப்புக்கு விற்கப்பட்டதால், அதற்கு இப்போது படமெடுக்க ஒன்றும் இல்லை.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்